சிந்தாதிரிப்பேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பல வருடம் இருந்தவர்களும் சிந்தாதிரிப்பேட்டையைக் கடந்து போயிருப்பார்களே தவிர, உள்ளே இறங்கி நடந்திருக்க மாட்டார்கள். சென்ட்ரலுக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே கூவம் ஆற்றின் மடியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பேட்டையைப் பற்றி நண்பர்களும் வெளியூரிலிருந்து வருகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

சிந்தாதிரிப்பேட்டை சரியாக எங்கே இருக்கிறது?

எழும்பூர்ப் பக்கமிருந்து வரும் கூவம், கடலைச் சேர்வதற்கு முன் ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் இடம்தான் சிந்தாதிரிப்பேட்டை. மூன்று பக்கம் ஆறு, தெற்கே அண்ணா சாலை. ஆற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் புதுப்பேட்டை, இன்னொரு பக்கம் எழும்பூர், கிழக்கே போனால் பார்க் டவுன், தீவுத்திடல். ஜார்ஜ் கோட்டை நடந்தே போகக்கூடிய தூரம். பின்கோடு 600002. அண்ணா சாலையில் சிம்சன் அருகே பெரியார் சிலை இருக்கிறதே, அதன் முதுகுப் பக்கம் என்று சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிடும்.

யார் உண்டாக்கியது? எதற்காக?

தானாக வளர்ந்த ஊர் இல்லை இது. கிழக்கிந்தியக் கம்பெனி திட்டம் போட்டு உண்டாக்கிய நெசவாளர் குடியிருப்பு. 1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது ஆரம்பித்தது. அதற்கு முன்பு இந்த இடம் சுங்குராம செட்டியின் தோட்டம். சுங்குராமர் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து, பிறகு கம்பெனியின் தயவை இழந்தவர். அவர் தோட்டம் நெசவாளர்களுக்குப் போனதில் அந்த அரசியலுக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கம்பெனிக்கு அன்று சென்னையில் இருந்த முக்கிய வியாபாரமே துணி. உள்நாட்டு ஊர்களில் இருக்கும் நெசவாளர்களுக்கு வணிகர்கள் மூலம் முன்பணம் கொடுத்து, துணி நெய்து வாங்கி, கப்பல் ஏற்றுவார்கள். வழியில் சுங்கச் சாவடிகள், நவாபுகளின் சண்டைகள், பஞ்சம் என்று ஏதாவது ஒன்று வந்தால் கப்பல் காலியாக நிற்கும். கோட்டைக்குப் பக்கத்திலேயே தறி ஓடினால் இந்தத் தொல்லை குறையும், துணியின் தரத்தையும் கண்ணெதிரே பார்த்துக்கொள்ளலாம். அதனால் நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் தீட்டுவோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோருக்கும், கோயில் காரியங்களுக்குத் தேவையானவர்களுக்கும் மட்டும் இங்கே இடம் என்று வைத்தார்கள். வீடு கட்டக் கடனும் கொடுத்தார்கள். ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றும் பொறுப்பை உள்ளூர் வணிகர்கள் ஏற்றார்கள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இன்றும் அந்தத் திட்டம் தெரியும். பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்புகளில் தெருக்கள் வளைந்து வளைந்து போகும். இங்கே அருணாச்சல நாயக்கன் தெருவும் அய்யா முதலி தெருவும் அவற்றின் குறுக்குச் சந்துகளும் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடுகின்றன.

பெயர்க் காரணம்?

'சின்னத் தறிப் பேட்டை' மருவி வந்தது என்பது பரவலான விளக்கம். நெசவுக் கதையோடு ஒத்துப்போவதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பேச்சு வழக்கில் 'சிந்தாரிப்பேட்டை'.

ஆற்றங்கரையில் ஏன் வைத்தார்கள்?

துணித் தொழிலில் பாதி வேலை தறியில் நடப்பதில்லை, தண்ணீரில்தான் நடக்கிறது. தறியிலிருந்து இறங்கும் கோராத் துணி பழுப்பாக, கஞ்சி ஏறி மொடமொடவென்று இருக்கும். அதை அப்படியே விற்க முடியாது, சாயமும் நன்றாகப் பிடிக்காது. அந்தக் காலத்தில் ஆட்டுச் சாணமோ மாட்டுச் சாணமோ கலந்த நீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து அலசி, கரையில் விரித்துவிடுவார்கள். வெயிலில் காயக் காயத் தண்ணீர் தெளிப்பார்கள். மறுபடி ஊறல், மறுபடி அலசல். இப்படிப் பல நாள் போனால்தான் துணி வெளுக்கும். சாயமிட்டாலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு முறை அலச வேண்டும்.

ஆக, இந்தத் தொழிலுக்கு வேண்டியவை நிறையத் தண்ணீர், விரிக்க அகலமான கரை, தடையில்லாத வெயில். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் வளைவு இது. ஆற்றின் வளைவே வேலியாகவும் இருந்தது, துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கோட்டையும் இருந்தது. அந்தத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் நிலம் பார்க்கத் தெரிந்தவர்தான்.

இப்போது தறி ஏதாவது ஓடுகிறதா?

இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி வந்து இறங்கியதும் கம்பெனிக்கு இங்கே துணி வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தறி போனது, பேட்டை மட்டும் மிச்சம்.

இரட்டைக் கோயில் என்கிறார்களே, அது என்ன?

பேட்டையின் நடுவே ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அக்கம் பக்கமாக இருக்கின்றன. குளம் இரண்டுக்கும் பொது. குடியிருப்பை உண்டாக்கியதில் பங்கெடுத்த ஆதியப்ப நாராயண செட்டி கட்டியதாகச் சொல்கிறார்கள்.

பெருமாளும் சிவனும் ஒட்டி இருப்பது பக்திக் காரணத்தால் மட்டும் இல்லை. பல ஊர்களிலிருந்து பல சாதி நெசவாளர்களைக் கூட்டிவந்து குடியேற்றும்போது, சைவருக்கும் வைணவருக்கும் ஆளுக்கொரு கோயில் காட்டினால்தான் நிலைப்பார்கள். ஜார்ஜ் டவுன் பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் இதேபோல் இரட்டையாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. காலையில் போங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய திண்ணை வைத்த வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றின் இரு பக்கமும் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது.

இங்கே ஒரு தமிழ் அகராதி பிறந்ததாமே?

ஆமாம். யாழ்ப்பாணத்தில் உடுவிலில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரி மிரன் வின்சுலோ 1836-ல் சென்னை வந்து அமெரிக்க மிஷனை நிறுவினார். சிந்தாதிரிப்பேட்டைதான் அதன் முக்கியத் தளம். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1862-ல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. ஏறத்தாழ 67,000 சொற்கள். ஜோசப் நைட் என்ற இன்னொரு மிஷனரி யாழ்ப்பாணத்தில் சேர்த்து வைத்த சொற்களை அடிப்படையாக வைத்து, தமிழ்ப் புலவர்கள் பலரின் உழைப்போடு உருவானது. முகப்பில் ஒருவர் பெயர்தான் வரும் என்பது அகராதிகளின் தலையெழுத்து. பழைய நூல்களைப் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

அவரோடு அதே ஆண்டு சென்னை வந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி.

அமெரிக்க மிஷன் 1847-ல் கட்டிய சீயோன் தேவாலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. பிறகு அது சர்ச் மிஷனரி சங்கத்தின் கைக்குப் போனது. அங்கே நெடுங்காலம் போதகராக இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். அவருடைய மருமகள் கிருபாபாய் சத்தியநாதன் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தபோது இந்தக் குடும்பத்தோடுதான் தங்கினார், அப்படித்தான் மருமகளும் ஆனார். தேவாலயத்தைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான்.

இந்தியாவின் முதல் ரயில் சிந்தாதிரிப்பேட்டையில் ஓடியது உண்மையா?

'ரயில்' என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பயணிகள் ரயில் என்றால் 1853-ல் பம்பாய்–தாணா, தென்னிந்தியாவில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதில் சண்டை இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1836-ல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்கு அருகே சோதனைக்காகச் சின்னதாக ஒரு தண்டவாளம் போட்டுக் காட்டினார்கள். இதன் பின்னணியில் இருந்தவர் ஆர்தர் காட்டன். ஆமாம், பின்னாளில் கோதாவரியில் தவளேசுவரம் அணை கட்டிய அதே காட்டன். சோதனை திருப்தியாக இருந்ததால் 1837-ல் செங்குன்றம் பகுதியில் சாலை போடக் கல் ஏற்றிச் செல்லும் ரயில் பாதை வந்தது. அதைத்தான் இந்தியாவின் முதல் ரயில் பாதை என்கிறார்கள். ஆகவே 'முதல் தண்டவாளம் இங்கே' என்று பெருமையடித்துக்கொள்ளலாம். 'முதல் ரயில்' என்று சொன்னால் யாராவது மறுத்துப் பேசுவார்கள்.

கூவத்தில் முன்பு குளித்தார்களாமே, நம்பலாமா?

நம்பலாம். எதிர்க்கரையில் இருக்கும் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தினம் கூவத்தில் நீராடிவிட்டுக் கோமளீசுவரரைக் கும்பிடப் போவார் என்று சொல்லப்படுவதுண்டு.

அப்படியானால் எப்படி இந்தக் கதிக்கு வந்தது?

'மக்கள் குப்பை கொட்டிக் கெடுத்துவிட்டார்கள்' என்பது பாதி பதில்தான். கூவம் மழையை நம்பி ஓடும் ஆறு. மொத்த நீளம் சுமார் 72 கிலோமீட்டர், திருவள்ளூர் மாவட்டத்தில் பிறக்கிறது. மேலே கேசாவரம் அணைக்கட்டில் தண்ணீர் கொசஸ்தலையாற்றுப் பக்கம் திரும்பி, பூண்டி ஏரிக்குப் போய், குடிநீராகிறது. நாம் குழாயில் பிடித்துக் குடிப்பதில் கூவத்துக்குச் சேர வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. மழைக்காலம் போனால் ஆற்றில் வருவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர்தான்.

அடுத்தது முகத்துவாரம். நேப்பியர் பாலத்துக்கு அப்பால் கடல், மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைக்கிறது. சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். உள்ளே புகுந்து அலசிவிட்டுப் போகும் பலம் அலைக்கு இல்லை. ஆற்றிலும் மணலைத் தள்ளும் வேகம் இல்லை. மேலே வரத்தும் இல்லை, கீழே போக்கும் இல்லை என்றால் எந்தத் தண்ணீரும் நாறத்தான் செய்யும். மணலை அள்ளி வாயைத் திறந்துவிடுவார்கள், சில மாதத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். கழிவுநீரைத் தடுக்காமல் கரையில் பூச்செடி வைக்கும் திட்டங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதற்குக் காரணம் இதுதான்.

கூவத்தில் படகு விட்டது நிஜமா?

நிஜம். அண்ணா முதல்வராக இருந்த 1967-ல் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. கலைஞர் காலத்தில் கரை கட்டி, படகுத் துறைகள் அமைத்து, அவற்றுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களை வைத்தார்கள். பாரி, ஓரி, காரி என்று. படகும் கொஞ்ச காலம் ஓடியது. நாற்றம் குறையாததால் பயணிகள் வரவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரில் இருந்த துறையில் ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஆற்றுக்குள் நிற்கும் தூண்கள்?

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கானவை. 2009-ல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012-ல் வேலை நின்றது. அதன் பிறகு பல வருடம் மொட்டைத் தூண்கள் கம்பி துருத்திக்கொண்டு ஆற்றில் நின்றன. இரண்டடுக்குச் சாலையாகத் திட்டத்தை மாற்றி, 2022 மே மாதம் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நகரத்துக்குள் நெரிபடாமல் போக இது தேவை என்பதை மறுக்க முடியாது. அதற்காக ஆற்றின் தலைமேலேயே போவானேன் என்றால், நகரத்துக்குள் வீடு இடிக்காமல் கிடைக்கும் நீளமான காலியிடம் ஆறு ஒன்றுதான்.

கரையோரம் இருந்த குடிசைகள் என்ன ஆயின?

பெரும்பாலும் காலி செய்யப்பட்டுவிட்டன. ஆற்றுச் சீரமைப்புக்காகப் பல கட்டமாகக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுவதும், மூட்டை தூக்குவதும், வீட்டு வேலை செய்வதும் பிழைப்பாக இருந்தவர்களுக்கு விடியற்காலை வேலைக்கு அங்கிருந்து எப்படி வருவது? சிலர் பஸ் பிடித்து வருகிறார்கள், சிலர் வேலையை விட்டார்கள், சிலர் அருகிலேயே வாடகைக்கு அறை பிடித்தார்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது கரைதான், 2015 டிசம்பர் அதைக் காட்டியது. ஆனால் அதே கரையில் தூண் நடும்போது மட்டும் வெள்ளத்தைப் பற்றி யாருக்கும் அவ்வளவு பதைப்பு வருவதில்லை.

மீன் மார்க்கெட்டுக்கு எப்போது போவது?

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் என்று சொல்லலாம், ஆனால் எல்லோரும் அன்றுதான் போகிறார்கள். கூட்டம் பிடிக்காதென்றால் வார நாளில் காலை ஆறு, ஆறரைக்குப் போய்விடுங்கள். காசிமேட்டிலிருந்து வந்த சரக்கு ஐஸோடு அப்போதுதான் கூடையிலிருந்து கொட்டும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், பாறை, நெத்திலி, கடம்பா, இறால், நண்டு எல்லாம் கிடைக்கும்.

மீனை விற்பவர் ஒருவர், வெட்டித் தருபவர் வேறு ஒருவர் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மீனுக்குப் பேரம் பேசி முடித்ததும் பையோடு வெட்டும் ஆட்களிடம் போக வேண்டும். அவர்களுக்குத் தனிக் கூலி. அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்து, செதிலைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, 'குழம்புக்கா வறுக்கவா?' என்று தலை நிமிராமல் கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் துண்டு விழுந்துவிடும். முட்டை இருந்தால் தனியாக எடுத்து வைத்து 'சினை வேணுமா?' என்பார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிவிழக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. முதலில் சொல்லும் விலை விலையே இல்லை. 'கடைசியா சொல்லுக்கா' என்று ஆரம்பித்தால்தான் பேச்சு நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் போகாது, பெரிய மீனெல்லாம் வெளியூரிலிருந்து வரும், விலை ஏறிக் கிடக்கும்.

மே தினப் பூங்கா?

பழைய பெயர் நேப்பியர் பூங்கா. 1860-களின் கடைசியில் கவர்னர் நேப்பியர் காலத்தில் வந்தது. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் சென்னையில்தான் கொண்டாடினார், ஆனால் அது கடற்கரையில் நடந்தது, இந்தப் பூங்காவில் இல்லை. உள்ளே மே தின நினைவுச் சின்னம் இருக்கிறது. மே 1 அன்று தலைவர்கள் வந்து மரியாதை செலுத்துவார்கள். மற்ற நாளில் நடைப்பயிற்சிக்காரர்களும் மதியத் தூக்கக்காரர்களும்.

ரிச்சி தெரு சிந்தாதிரிப்பேட்டையா, மவுண்ட் ரோடா?

கடைக்காரர் விலாசத்தில் இரண்டும் எழுதுவார். நரசிங்கபுரம் என்றும் சொல்வார்கள். பழைய ரேடியோ உதிரிபாகங்களில் ஆரம்பித்து, டேப் ரிக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கு ஏற்பச் சட்டை மாற்றிக்கொண்ட தெரு. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடி என்று சொல்வது வழக்கம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பக்கத்தில் மீரான் சாகிபு தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. படப்பெட்டி இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகும். டிஜிட்டல் வந்ததும் பெட்டியும் போயிற்று.

எப்படிப் போவது?

பறக்கும் ரயிலில் கடற்கரை–வேளச்சேரி தடத்தில் 'சிந்தாதிரிப்பேட்டை' நிலையம் இருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் இதற்கும் நடுவே ரயில் இல்லாமல் இருந்தது, அப்புறம் ஓட ஆரம்பித்துவிட்டது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காரை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டாம். ஒரு சரக்கு வண்டி நின்று மூட்டை இறக்கினால் தெரு மொத்தமும் நின்றுவிடும்.

அரை நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

காலை ஆறரைக்கு மீன் மார்க்கெட், வாங்க இல்லை என்றாலும் பார்க்க. அங்கிருந்து அருணாச்சல நாயக்கன் தெரு வழியாக இரட்டைக் கோயில். பிறகு சீயோன் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, பாலத்தின் மேல் நின்று வளைவைப் பாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது பாருங்கள், துணி உலர்த்திய கரை அதுதான். பத்து மணிக்கு ரிச்சி தெருக் கடைகள் திறக்கத் தொடங்கும். மீன் வாங்கியிருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு சார்ஜர் வாங்கப் போகாமல், முதலில் வீட்டுக்கு அனுப்ப ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.